‘ஹாரோ த நைன்த்’ நாவலைப் பாதியில் மூடி வைக்காமல் முடிப்பது எப்படி: கொழும்பு வாசகருக்கான வழிகாட்டி

டாம்சின் மியூரின் ‘லாக்ட் டூம்’ வரிசையில் முதல் நூலான ‘கிடியன் த நைன்த்’ (2019) ஒரே மூச்சில் ஓடிவிடும். வாள்வீச்சு, எலும்பு மந்திரம், பூட்டிய மாளிகை, ஒருவர் பின் ஒருவராகச் சாவு என்று கதை உங்களை இழுத்துக்கொண்டே போகும். அதே வேகத்தில் இரண்டாவது நூலான ‘ஹாரோ த நைன்த்’தைத் (2020) திறப்பவர்களில் பலர் நூறு பக்கம் தாண்டுவதற்குள் மூடி வைத்துவிடுகிறார்கள். “என்ட இங்கிலிஷ் காணாது போல” என்பதுதான் வழமையான முறைப்பாடு. ஆங்கிலம் காரணமில்லை. இந்த நூல் வேண்டுமென்றே வாசகரைத் தப்பான பாதையில் அனுப்புகிறது. அதற்குத் தயாராகப் போனால் முடித்துவிடலாம்.

முதல் நூலை இன்னும் வாசிக்காதவர்கள் படி 2 முடிந்ததும் நின்றுகொள்ளுங்கள். படி 3 முதல் அந்த நூலின் முடிவு பேசப்படும். இரண்டாவது நூலின் பெரிய இரகசியங்களை இங்கே உடைக்கவில்லை.

1. புத்தகத்தைக் கையில் எடுப்பது

இது கடையில் அடுக்கி வைத்திருக்கும் வகைப் புத்தகம் இல்லை. வெள்ளவத்தையில் இருந்து பஸ் ஏறிப் போய் வெறுங்கையோடு திரும்பாமல், முதலில் போன் எடுத்துக் கேளுங்கள். விஜித யாப்பா, சரசவி, காலி வீதி பெயார்ஃபுட் ஆகிய மூன்றையும் கேட்டுப் பார்க்கலாம். நூலாசிரியரின் பெயரை மட்டும் சொன்னால் தேடுபவருக்குப் பிடிபடாது. அட்டைக்குப் பின்னால் பார்கோட்டின் மேல் உள்ள 13 இலக்க எண்ணை இணையத்தில் பார்த்து எழுதி வைத்துக்கொண்டு அதையே சொல்லுங்கள். வெளிநாட்டில் இருந்து எடுத்துத் தருவதாகக் கடை சொன்னால், முற்பணம் கட்டும்போதே பற்றுச்சீட்டில் மூன்று விஷயங்களை எழுதுவியுங்கள்: எந்தப் பதிப்பு (கெட்டி அட்டையா, மெல்லட்டையா), எந்த நாணய வீதத்தில் விலை போடுவார்கள், வராவிட்டால் முற்பணம் திரும்புமா. அச்சிட்ட விலை 20 டொலர், டொலர் 300 ரூபா என்று வைத்தால் புத்தகமே 6,000 ரூபா. கடைகள் சொந்த வீதத்தில் பெருக்குவதால் அதற்கு மேலும் போகலாம். செப்டெம்பரில் பண்டாரநாயக்க ஞாபகார்த்த சர்வதேச மாநாட்டு மண்டபத்தில் நடக்கும் புத்தகக் கண்காட்சி வரை பொறுக்கலாம் என்றால் கழிவு கிடைக்க வாய்ப்புண்டு. ஆனால் இந்தத் தலைப்பே அங்கு வரும் என்று நம்பிக் காத்திருக்க வேண்டாம். டி.ஆர். விஜேவர்தன மாவத்தைப் பழைய புத்தகக் கடைகளில் இது சிக்குவது லொத்தர் விழுவது மாதிரி.

எந்தப் பதிப்பு? மெல்லட்டைதான். அதன் கடைசியில் ‘ஏஸ் யெட் அன்சென்ட்’ என்ற சிறுகதையும் சேர்ந்திருக்கிறது. அதை எப்போது வாசிப்பது என்பது படி 8இல்.

வெளிநாட்டில் இருந்து தபாலில் எடுப்பவர்கள் விலைப்பட்டியலை அச்செடுத்து வையுங்கள். சுங்கத்தில் பொதி நின்று அறிவித்தல் துண்டு வந்தால், துண்டு, தேசிய அடையாள அட்டை, விலைப்பட்டியல் மூன்றையும் ஒன்றாகக் கொண்டுபோங்கள். வேறொருவரை அனுப்புவதானால் கையெழுத்திட்ட அதிகாரக் கடிதமும், அவருடைய அடையாள அட்டையும் வேண்டும்.

மின்னூல் உடனே கிடைக்கும். சர்வதேசப் பாவனைக்குத் திறந்துவிட்ட வங்கி அட்டை போதும். பல வங்கிகள் அதை மூடியே தருவதால் முதலில் செயலியில் திறந்துகொள்ளுங்கள், இல்லாவிட்டால் இரண்டு மூன்று முறை மறுக்கப்பட்டு அட்டையே முடங்கும். வங்கியின் நாணய மாற்றுக் கட்டணம் தனியாகச் சேரும்.

நூலகத்தில் தேடுபவர்கள் விகாரமகாதேவி பூங்காவுக்குப் பக்கத்துப் பொது நூலகத்தையும், ஆல்பிரட் ஹவுஸ் கார்டன்ஸில் உள்ள பிரிட்டிஷ் கவுன்சிலையும் கேட்கலாம். புதிதாக அங்கத்தவராவதென்றால் அடையாள அட்டை, அதன் பிரதி, உங்கள் பெயருக்கு வரும் மின்சாரப் பில் அல்லது கிராம சேவகரின் வதிவிடச் சான்றிதழ், இரண்டு புகைப்படங்கள் என எல்லாவற்றையும் கொண்டுபோங்கள். கேட்டாலும் கேட்காவிட்டாலும் கையில் இருந்தால் இரண்டாவது பயணம் மிச்சம். ஆனால் இரவல் புத்தகத்தில் ஒரு சிக்கல் உண்டு. தவணை இரண்டு வாரம் என்றால் 512 பக்கத்துக்கு நாளொன்றுக்கு 37 பக்கம் வரும். இந்த நூலுக்கு அது கூடிய வேகம். எடுக்கும்போதே புதுப்பிக்க முடியுமா என்று கேட்டுவிடுங்கள்.

டெலிகிராமில் சுற்றும் திருட்டுப் பிரதிகளை விட்டுவிடுங்கள். நியாயம் அநியாயத்தை விடுங்கள், அவற்றில் அத்தியாயத் தலைப்புகள் குலைந்திருக்கும், சாய்வெழுத்து நேராகியிருக்கும், தலைப்பின் மேலுள்ள மண்டையோட்டுச் சின்னங்கள் காணாமல் போயிருக்கும். இந்த நூலுக்கு அவைதான் வழிகாட்டிப் பலகைகள்.

2. வேறு என்ன வேண்டும்

80 பக்கக் கொப்பி ஒன்று, பென்சில் ஒன்று, ஒட்டுத்தாள் இரண்டு நிறத்தில். எலும்புக்கூட்டின் படம் ஒன்று. பிள்ளைகளின் பழைய விஞ்ஞானப் புத்தகத்தில் இருந்தால் அதுவே போதும். கதாநாயகி ஹாரோவின் ஆயுதம் எலும்பு என்பதால் பக்கத்துக்குப் பக்கம் எலும்புப் பெயர் வரும். ஃபீமர் தொடையென்பு, மாண்டிபிள் கீழ்த்தாடையென்பு, கிளாவிக்கிள் காறையென்பு. தமிழ் மூலம் படித்தவர்களுக்கு உருவம் தெரியும், ஆங்கிலப் பெயர்தான் இடிக்கும். படத்தின் மேல் பென்சிலால் எழுதி வைத்துக்கொண்டால் அகராதியை நாற்பது தடவை திறக்க வேண்டியதில்லை.

முதல் நூலும் பக்கத்தில் இருக்க வேண்டும். இரவல் கொடுத்திருந்தால் திருப்பி வாங்குங்கள்.

3. முதல் நூலை முழுக்க மறுபடி வாசிக்க வேண்டாம்

நான்கு இடம் போதும், ஒரு மாலை வேலை.

முன்பக்கத்தில் உள்ள பாத்திரப் பட்டியல். ஓர்டஸ் நிஜெனாட்டும் அவன் தாயும் விண்கலத்தில் ஏறி ஒன்பதாம் வீட்டை (பேரரசின் ஒன்பது குலங்களில் ஒன்று) விட்டுப் போகும் ஆரம்ப அத்தியாயங்கள். நீச்சல் தடாகத்தில் ஹாரோ தன் பிறப்புக்காகக் கொல்லப்பட்ட 200 பிள்ளைகளைப் பற்றிச் சொல்லும் இடம். கடைசிப் பகுதி, முடிவுரையோடு. இந்தக் கடைசிப் பகுதியை வாசித்த கையோடு கொப்பியில் ஐந்து வரி எழுதுங்கள்: யார் இறந்தார்கள், எப்படி, யாருடைய உடல் கிடைக்கவில்லை, ஹாரோவின் வாள்துணையாக (ஆங்கிலத்தில் ‘கவலியர்’) இருந்தது யார், ஹாரோ எப்படி லிக்டர் (பேரரசருக்குப் பணி செய்யும் சாகா வரம் பெற்ற மந்திரவாதி) ஆனாள்.

இந்த ஐந்து வரிதான் உங்கள் உறுதிப்பத்திரம். காணிக்கு உறுதி எப்படியோ, அப்படி. பின்னால் யார் வந்து என்ன சொன்னாலும் இதை மாற்றி எழுத வேண்டாம்.

4. பெயர்களைப் பிடித்தல்

பெயர்க் குழப்பம் பாதி எண்ணில் தீர்ந்துவிடும். ஒன்பது வீடுகள், ஒவ்வொருவரின் குடும்பப் பெயரிலும் அவர் வீட்டு எண் ஒளிந்திருக்கும். பென்ட், குவின் இருவரும் ஐந்து. செக்ஸ்டஸ், ஹெக்ட் ஆறு. செப்டிமஸ் ஏழு. நொனகெசிமஸ் ஒன்பது. லத்தீனும் கிரேக்கமும் தெரியாதே என்று யோசிக்க வேண்டாம். நான்காம் வீட்டு ஜீன்மேரியின் குடும்பப் பெயர் சதுர், எட்டாம் வீட்டுக் கோலமின் குடும்பப் பெயர் அஷ்ட். சதுர்த்தியும் அஷ்டமியும் பார்க்கும் வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

புதிதாக வரும் மூத்த லிக்டர்களுக்கு ஆளுக்கொரு பட்டம் உண்டு. அகஸ்டின் பொறுமையின் புனிதர், மெர்சிமோர்ன் மகிழ்ச்சியின் புனிதர், மூன்றாமவர் கடமையின் புனிதர். பட்டத்துக்கும் குணத்துக்கும் பொருத்தம் எதிர்பார்க்காதீர்கள். மகிழ்ச்சியின் புனிதர் போல எரிந்துவிழும் ஒருவரைக் காண்பது அரிது.

அந்தக் கடமையின் புனிதரின் பெயரும் ஓர்டஸ். ஒரே பெயரில் இரண்டு பேர். இது எழுத்தாளரின் கவனக்குறைவு இல்லை. எந்தப் பெயர், எந்தப் பக்கத்தில், யார் வாயால் வருகிறது என்று கொப்பியில் தனிப் பக்கம் ஒதுக்குங்கள். அதற்கு மேல் இங்கே சொன்னால் கெட்டுவிடும்.

5. இரண்டு தண்டவாளம்

நூல் இரண்டு ஓட்டமாகப் போகிறது. ஒன்று, பேரரசரின் விண்நிலையத்தில் ஹாரோ லிக்டராகப் பயிற்சி பெறும் ஓட்டம். அது முன்னிலையில், ‘நீ’ என்று எழுதப்பட்டிருக்கிறது. மற்றது, கேனன் மாளிகையில் நடந்தவற்றைத் திரும்பச் சொல்லும் ஓட்டம். அது படர்க்கை. நீங்கள் முதல் நூலில் வாசித்த அதே மாளிகை, அதே ஆட்கள், ஆனால் நடப்பவை வேறு. ஓர்டஸ் அங்கே ஹாரோவின் வாள்துணையாக நிற்பான்.

இந்த இடத்தில்தான் எல்லோரும் தடுக்கி விழுகிறார்கள். ‘நான்தான் மறந்துவிட்டேன் போல’ என்று முதல் நூலுக்கு ஓடுகிறார்கள், அங்கே வேறு மாதிரி இருக்கிறது, திரும்பி வருகிறார்கள், குழப்பம் இரட்டிப்பாகிறது. சிலர் அச்சுப் பிழை என்று கடையில் மாற்றித் தரச் சொல்லியும் கேட்கக் கூடும். உங்கள் ஞாபகம் சரி. புத்தகமும் சரி. இரண்டும் ஏன் பொருந்தவில்லை என்பதுதான் கதையே.

ஆகவே கொப்பியில் இரண்டு நிரல் போடுங்கள். இடப்பக்கம் ‘முதல் நூலில்’, வலப்பக்கம் ‘இப்போது’. ஒரு வரி இப்படி இருக்கும்:

ஓர்டஸ்: தாயோடு கலத்தில் போய்விட்டான் / கேனன் மாளிகையில் ஹாரோவுக்குப் பக்கத்தில் நிற்கிறான்.

விளக்கம் எழுத வேண்டாம். வித்தியாசத்தை மட்டும் எழுதுங்கள். பன்னிரண்டு, பதினைந்து வரி சேர்ந்ததும் அவற்றில் ஒரு ஒழுங்கு தெரியத் தொடங்கும்: மாறியிருப்பவை எல்லாம் ஒரே ஒருவரைச் சுற்றியே மாறியிருக்கும்.

பல அத்தியாயத் தலைப்புகளின் கீழ் ‘பேரரசர் கொல்லப்படுவதற்கு இத்தனை மாதம் முன்’ என்பது போல ஒரு கணக்கு இருக்கும். பலர் அதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். வேண்டாம். அந்த எண்ணை ஒட்டுத்தாளில் எழுதிப் பக்கத்தில் ஒட்டுங்கள், ‘நீ’ ஓட்டத்துக்கு ஒரு நிறம், மற்றதுக்கு வேறு நிறம். பக்கவாட்டில் இருந்து பார்த்தால் எது எங்கே நிற்கிறது என்று ஒரு பார்வையில் தெரியும். தலைப்பின் மேலுள்ள மண்டையோட்டையும் கவனியுங்கள், அது எல்லா அத்தியாயத்துக்கும் ஒன்றல்ல.

6. ‘நீ’யா, ‘நீர்’ஆ, ‘நீங்கள்’ஆ?

இதுதான் இந்த வழிகாட்டியின் முக்கியமான படி. தமிழர்களுக்கு மட்டும் கிடைக்கும் கள்ளச் சாவி என்றும் சொல்லலாம்.

ஆங்கிலத்தில் ‘யூ’ ஒன்றுதான். கடவுளுக்கும் அதே, வீட்டு நாய்க்கும் அதே. அதனால் ஆங்கில வாசகர் நூற்றுக்கணக்கான பக்கங்களை ‘யூ, யூ’ என்று வாசித்துக்கொண்டு போகும்போது, இதைச் சொல்வது யார் என்ற கேள்வியே எழாமல் போகலாம். ஏதோ எழுத்தாளரின் பாணி என்று பழகிவிடுவார். நமக்கு அந்த வசதி இல்லை. ‘வாளைத் தூக்கப் பார்த்தாய், முடியவில்லை, குனிந்து வாந்தி எடுத்தாய்’ என்று சொல்வதற்கும், ‘தூக்கப் பார்த்தீர், முடியவில்லை, குனிந்து வாந்தி எடுத்தீர்’ என்பதற்கும், ‘எடுத்தீர்கள்’ என்பதற்கும் இடையில் மூன்று வேறு உறவுகள் இருக்கின்றன. முதலாவதில் நெருக்கம் இருக்கலாம், ஏளனம் இருக்கலாம். இரண்டாவதில் யாழ்ப்பாணத்து மச்சான் முறை இடைவெளி. மூன்றாவதில் மரியாதை, அல்லது பயம்.

ஆகவே ஒவ்வொரு முன்னிலை அத்தியாயமும் முடிந்தவுடன், அதில் ஒரு பத்தியை மனதுக்குள் தமிழில் சொல்லிப் பாருங்கள். எந்த விகுதி தானாக வாயில் வருகிறது? கொப்பியில் ‘நீ’, ‘நீர்’, ‘நீங்கள்’ மூன்றில் ஒன்றை எழுதுங்கள், பக்க எண்ணோடு. ஹாரோவின் மெலிந்த கைகளைப் பற்றி, அவள் வாளைப் பிடிக்கும் இலட்சணத்தைப் பற்றி, அவளுடைய பிடிவாதத்தைப் பற்றி அந்தக் குரல் என்ன தொனியில் பேசுகிறது என்று பாருங்கள். மூத்த லிக்டர்கள் ஹாரோவை இப்படிப் பேச மாட்டார்கள். ஹாரோ தன்னைத்தானே இப்படிப் பேசுவாளா? சில இடங்களில் மொழி கோயில் மணி அடிப்பது போல் கனமாகப் போய், திடீரென்று ஒரு பஸ் நிலையப் பகிடி வந்து விழும். அந்தப் பகிடி யாருடையது?

பள்ளிக்கூடத்தில் தன்மை, முன்னிலை, படர்க்கை என்று மூவிடம் படித்திருப்பீர்கள். இதுவரை இரண்டைத்தான் சொல்லியிருக்கிறேன். மூன்றாவதைத் தேடிப் பக்கங்களைப் புரட்டிவிடாதீர்கள்.

7. கால அட்டவணை

நாளொன்றுக்கு 25 பக்கம். 21 நாளில் முடியும். கூட்டலாம், ஆனால் வாரக்கணக்கில் இடைவெளி விட்டால் மறுபடி தொடக்கத்தில் இருந்துதான். இந்த நூல் இடைவெளியை மன்னிக்காது.

படர்க்கை அத்தியாயங்களை 100ஆம் இலக்க பஸ்ஸிலோ கரையோரக் கோச்சியிலோ நின்றுகொண்டும் வாசிக்கலாம், உரையாடல் நிறைய உண்டு. முன்னிலை அத்தியாயங்களுக்கு மேசையும் அமைதியும் வேண்டும். ஒரு சொல் தவறினால் அரைப் பக்கம் போய்விடும். சூப் வரும் அத்தியாயத்தைச் சாப்பாட்டோடு வாசிக்க வேண்டாம், காரணம் வாசிக்கும்போது தெரியும். தற்கொலை, பிள்ளைகளின் சாவு, உடலை அறுக்கும் விவரணைகள் தாராளமாக உண்டு. தாங்காது என்றால் இந்த வரிசையையே விடுவதில் வெட்கம் ஒன்றுமில்லை.

நான்கில் மூன்று பங்கு தாண்டும்வரை முடிச்சு அவிழாது. அதற்கு முன் அவிழும் என்று ஒவ்வொரு நாளும் எதிர்பார்ப்பதால்தான் சலிப்பு வருகிறது. கடைசி நூறு பக்கத்தைத் துண்டு துண்டாக வாசிக்காமல் ஒரு போயா தினத்துக்கு ஒதுக்கி வையுங்கள். கணக்குப் பார்த்துத் தொடங்கினால் சரியாக வந்து விழும்: அடுத்த போயாவுக்குப் பதினேழு நாள் இருக்கும்போது முதல் பக்கத்தைத் திறவுங்கள்.

8. காலை வாரும் இடங்கள்

கூகுளில் பாத்திரத்தின் பெயரைத் தட்டாதீர்கள். தட்டி முடிப்பதற்குள்ளேயே கீழே விழும் பரிந்துரை வரியே இரகசியத்தைச் சொல்லிவிடும். ரசிகர் கலைக்களஞ்சியங்களின் முதல் வரி இன்னும் மோசம். ஆள் யாரென்று மறந்துபோனால் முதல் நூலின் மின்னூலுக்குள் தேடுங்கள், அல்லது பாத்திரப் பட்டியலுக்குப் போங்கள்.

ஒலிநூல் மொய்ரா குவெர்க்கின் குரலில் ஏறக்குறைய 20 மணி நேரம். அருமையாக வாசித்திருக்கிறார், பெயர்களின் உச்சரிப்பும் தெளியும். ஆனால் முதல் வாசிப்புக்கு வேண்டாம். பின்னால் புரட்டிப் பார்க்க முடியாது. தவிர, குரலுக்குத் தொனி உண்டு, படி 6இல் நீங்களே கண்டுபிடிக்க வேண்டியதைக் காது முதலில் கண்டுபிடித்துவிடலாம்.

பேரரசர் விடும் அறுவைப் பகிடிகளைத் தாண்டிப் போகாதீர்கள். அவற்றில் சில நம் காலத்து இணையப் பகிடிகள். பத்தாயிரம் ஆண்டு அரசாண்ட கடவுளுக்கு அது எப்படித் தெரியும் என்று ஒரு வரி எழுதி வையுங்கள். அந்த வரிக்கு அடுத்த நூலில் வேலை இருக்கிறது.

இந்தக் கட்டத்தில் கவனிக்க வேண்டிய சிறுகதைகள் இரண்டு. ‘த மிஸ்டீரியஸ் ஸ்டடி ஆஃப் டாக்டர் செக்ஸ்’ ஆறாம் வீட்டுப் பிள்ளைகள் இருவர் பூட்டிய படிப்பறை ஒன்றை ஆராயும் கதை, தலைப்பைப் பார்த்து வீட்டில் ஒளிக்கத் தேவையில்லை. முதல் நூலுக்குப் பிறகு எப்போதும் வாசிக்கலாம். ‘ஏஸ் யெட் அன்சென்ட்’ அப்படி இல்லை. மெல்லட்டையின் பின்பக்கத்தில் கண்ணில் பட்டாலும் நாவலை முடித்த பிறகே தொடுங்கள்.

9. முடித்த அன்றே செய்ய வேண்டியது

புத்தகத்தை மூடாமல் முதல் இருபது பக்கத்தைத் திரும்ப வாசியுங்கள். முன்னுரைப் பகுதியில் புரியாமல் தாண்டிய ஒவ்வொரு வாக்கியமும் இப்போது யாரோ பக்கத்தில் இருந்து சொல்வது போலக் கேட்கும். கொப்பியில் எழுதிய ‘நீ, நீர், நீங்கள்’ பட்டியலையும் அப்போதே சரிபார்த்துவிடுங்கள். எத்தனை சரி வந்தது என்று எண்ணிப் பார்க்கலாம், பெரும்பாலானோருக்கு முதல் ஐந்தாறு பிழைத்திருக்கும்.

மூன்றாவது நூலான ‘நோனா த நைன்த்’ 2022இல் வந்துவிட்டது. இதை எழுதும்வரை நான்காவது வரவில்லை, ஆகவே அவசரம் இல்லை. ‘நோனா’வை இரண்டாவதோடு சேர்த்து வாங்குவதானால், கடையிலேயே பழுப்புத்தாள் உறை போடச் சொல்லுங்கள். அதன் பின்னட்டை வாசகம் உங்களுக்கு இப்போது தெரியக் கூடாததைச் சொல்கிறது.